பின்பக்கத்தில் எழுதியிருந்த ஊர்

வாலசியிலிருந்து (லிவர்பூலுக்கு எதிர்க்கரை)

கியூனார்ட் என்ற பயணிகள் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் 2015இல் லிவர்பூலுக்குத் திரும்பி வந்த நாளை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருந்தால் நீங்களும் எழுதுங்கள். நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். செவிலியர் வேலைக்காக இங்கிலாந்து வந்து, மெர்சி ஆற்றின் மேற்குக் கரையில் வாலசியில் குடியேறினேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். லிவர்பூல் முதியவர்கள் பெண்களைக் ‘குவீன்’ என்று அழைப்பது வழக்கம். நம் ஊரில் ‘தாயி’ என்பது போல. “வா குவீன், தேநீர் குடி” என்று அவர் கூப்பிட்ட முதல் நாளிலிருந்தே அந்தத் தெரு எனக்கு ஊராகிவிட்டது.

பாட்டியின் தந்தை கியூனார்ட் நிறுவனத்தின் குவீன் மேரி கப்பலில் பரிசாரகர். லிவர்பூல்காரர். ஆனால் வேலைக்குப் போக லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் ரயிலேறித் தெற்கே சவுத்தாம்ப்டனுக்குப் போகவேண்டும். “துறைமுகம் வீட்டு வாசலில் இருக்கிறது, கப்பலைப் பிடிக்க ரயிலில் போகிறார்” என்று பாட்டி சொல்லும்போது, எண்பது வருடம் கழித்தும் ஒரு குழந்தையின் கோபம் அதில் இருக்கும்.

அந்தக் கோபத்தின் கதை இதுதான். சாமுவேல் கியூனார்டின் முதல் தபால் கப்பல் பிரிட்டானியா, 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலிலிருந்துதான் புறப்பட்டது. மரக்கப்பல், நீளம் 207 அடி, பக்கவாட்டில் சக்கரங்கள். பயணிகளுக்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் அதில் போயிற்றாம். அதன் பிறகு எண்பது ஆண்டு காலம் இந்த ஊரும் அந்த நிறுவனமும் ஒன்றாகவே வளர்ந்தன. 1915இல் மூழ்கடிக்கப்பட்ட கியூனார்டின் லூசிடேனியாவும் லிவர்பூலை நோக்கி வந்துகொண்டிருந்த கப்பல்தான். கப்பல் ஊழியர்கள் குடியிருந்த, வடக்குத் துறைகளை ஒட்டிய தெருக்களில் ஒரே வாரத்தில் எத்தனையோ வீடுகளில் சாவு. அதன் உந்துவிசிறி ஒன்று இன்றும் ஆல்பர்ட் டாக் அருகே கரையில் கிடக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

1919இல் நியூயார்க் செல்லும் விரைவுக் கப்பல்களை கியூனார்ட் சவுத்தாம்ப்டனுக்கு மாற்றியது. லண்டன் பயணிகளுக்கு அதுதான் பக்கம். பிரெஞ்சுக் கரையில் செர்பூர் துறைக்கும் எளிதில் போய்ச் சேரலாம். போட்டிக் கப்பல் நிறுவனமான ஒயிட் ஸ்டார் 1907இலேயே அங்கே போய்விட்டிருந்தது. கியூனார்ட் லிவர்பூலை ஒரே நாளில் கைவிடவில்லை. தலைமையகம் இங்கேயே இருந்தது, இரண்டாம் வரிசைக் கப்பல்கள் ஓடின. 1950களில் அவற்றில் வேலை பார்த்த லிவர்பூல் இளைஞர்களுக்கு ‘கியூனார்ட் யாங்க்ஸ்’ (கியூனார்ட் அமெரிக்கர்கள்) என்றே பெயர். நியூயார்க்கிலிருந்து இசைத்தட்டு, சட்டை, குளிர்பதனப் பெட்டி என்று என்னென்னவோ கொண்டுவந்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1961இல் தன் கிரெட்ச் கிதாரை வாங்கியது அப்படி ஒரு கப்பல்காரரிடமிருந்துதான். 1960களில் அந்தச் சேவைகளும் நின்றன, தலைமையகமும் போனது. ஆற்றங்கரையில் கியூனார்ட் கட்டடம் மட்டும் மிஞ்சியது.

ஆனால் ஒன்று மாறவே இல்லை என்று பாட்டி அடித்துச் சொல்வார். குவீன் மேரி சவுத்தாம்ப்டனிலிருந்து ஓடினாலும், கப்பலின் பின்பக்கத்தில் பெயருக்குக் கீழே ‘லிவர்பூல்’ என்றுதான் எழுதியிருந்தது. பதிவுத் துறைமுகம் அது. 1947இல், போருக்குப் பிறகு அந்தக் கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றத் தொடங்கிய கோடையில், பதினாறு வயதுப் பெண்ணான இவரைத் தந்தை சவுத்தாம்ப்டனுக்கு அழைத்துப் போயிருக்கிறார். கப்பல் திரும்பிப் போகும்போது பின்பக்கத்தில் தன் ஊர்ப் பெயரைப் படித்ததை என்னிடம் குறைந்தது இருபது முறையாவது சொல்லியிருப்பார்.

இப்போது 2015க்கு வருகிறேன். பிரிட்டானியா புறப்பட்டு 175 ஆண்டு நிறைவு. கியூனார்டின் மூன்று ‘குவீன்’ கப்பல்களும் மே 25, திங்கட்கிழமை, வங்கி விடுமுறை நாளில் மெர்சி ஆற்றுக்குள் ஒன்றாக வருவதாக ஏற்பாடு. பாட்டிக்கு அப்போது 84 வயது. சக்கர நாற்காலியில் அமர்த்தி, சீகோம்ப் கரைக்குக் காலையிலேயே தள்ளிக்கொண்டு போய்விட்டேன். எதிரே ராயல் லைவர் கட்டடமும், கியூனார்ட் கட்டடமும், துறைமுகக் கட்டடமும் வரிசையாகத் தெரியும். பின்னணிக்கு அதைவிட வேறு இடம் இல்லை.

அப்படி ஒரு கூட்டத்தை நான் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தில்தான் பார்த்திருக்கிறேன். இரு கரைகளிலும் சேர்த்து அந்த மூன்று நாட்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்ததாகச் சொன்னார்கள். தாத்தாவின் சீருடைப் படத்தைச் சட்டமிட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் படத்தை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள்.

முந்தைய நாளே வந்திருந்த குவீன் மேரி 2, தன் தங்கைகளை எதிர்கொண்டு அழைக்க ஆற்று முகத்துக்குப் போனது. மதியம் மூன்றும் சேர்ந்து உள்ளே வந்தன. அந்த இடத்தில் ஆற்றின் அகலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். குவீன் மேரி 2 மட்டுமே 345 மீட்டர் நீளம், மற்ற இரண்டும் தலா 294 மீட்டர். அவை அந்த ஆற்றுக்குள் அரைவட்டமாகத் திரும்பின. துறைமுகக்காரர் வீட்டுப் பெண்ணான எனக்கு அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியும். மெர்சியின் நீரோட்டம் சாதுவானது அல்ல. ஏற்ற வற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில் நீர்மட்டம் ஒன்பது, பத்து மீட்டர் வரை மாறும். மேலே பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஆரோஸ் விமானங்கள் வண்ணப் புகை விட்டுச் சென்றன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பாட்டி பார்க்கவில்லை. அவர் குவீன் மேரி 2 திரும்புவதற்காகவே காத்திருந்தார்.

திரும்பியது. பின்பக்கம் தெரிந்தது. என் கையிலிருந்த தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார். ‘ஹாமில்டன்’ என்று எழுதியிருந்தது. 2011இல் மூன்று கப்பல்களின் பதிவையும் பெர்முடாவின் ஹாமில்டனுக்கு மாற்றிவிட்டார்கள். பிரிட்டனில் பதிவான கப்பலில் நடுக்கடலில் திருமணம் நடத்தச் சட்டம் இடம் தராது, பெர்முடா பதிவில் நடத்தலாம் என்பது காரணங்களில் ஒன்று. எனக்கு அது முன்பே தெரியும். அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

தொலைநோக்கியைத் திருப்பித் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அப்போது குவீன் மேரி 2 சங்கு ஊதியது. அடிவயிற்றில் அதிர்கிற ஒலி. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை எனக்குத் தெரியும்” என்றார். நான் ஏதோ உணர்ச்சியில் சொல்கிறார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

2019இல் அவர் காலமானார்.

சவுத்தாம்ப்டனிலிருந்து

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது உணர்ச்சிப் பேச்சு இல்லை. குவீன் மேரி 2 கப்பலின் புகைபோக்கியில் இருக்கும் சங்குகளில் ஒன்று, 1936இல் ஓடத் தொடங்கிய அந்தப் பழைய குவீன் மேரியின் சங்கு. பழைய கப்பல் 1967 முதல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நிரந்தரமாக நிற்கிறது. அங்கிருந்து அந்தச் சங்கைக் கொண்டுவந்து, முன்பு நீராவியில் ஊதியதைக் காற்றழுத்தத்தில் ஊதும்படி மாற்றிப் பொருத்தினார்கள். பத்து மைல் வரை கேட்கும் என்பார்கள். 1947இல் எங்கள் ஊர்த் துறையில் அவர் கேட்டது அதே கப்பலின் சங்கைத்தான்.

நான் இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். கப்பல் கிளம்பும் நாட்களில் மாலையில் அந்த ஒலி கேட்கும்போது தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன், பதினெட்டு வருடப் பழக்கம். என் வாடிக்கையாளர் ஒருவரின் தாத்தா 1920களில் கியூனார்டின் பின்னால் லிவர்பூலிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவராம். அப்படி வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. கப்பல்கள் 2015இல் லிவர்பூல் போனபோது அந்த வீட்டிலிருந்து மூன்று தலைமுறையும் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். உங்கள் பாட்டியின் அப்பா போன அதே வழியில், எதிர்த் திசையில்.

ஹாலிஃபாக்ஸ், கனடாவிலிருந்து

எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாமுவேல் கியூனார்ட் 1787இல் பிறந்தது இங்கேதான். கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. பிரிட்டானியா முதல் பயணத்தில் 12 நாள் 10 மணி நேரத்தில் முதலில் வந்து சேர்ந்ததும் இங்கேதான், பிறகுதான் பாஸ்டன். கியூனார்டும் அவர் மகளும் அதே கப்பலில் வந்தார்கள்.

2015 ஜூலை 4 அன்று குவீன் மேரி 2 லிவர்பூலிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு அதே பழைய வழியில் புறப்பட்டது. மே மாதம் வந்தது அணிவகுப்பு. என் கணக்கில் உண்மையான திரும்புதல் இந்த ஜூலைப் பயணம்தான். பெட்டியோடு ஒருவர் லிவர்பூலில் ஏறி அட்லாண்டிக் கடந்து இறங்கினார் என்றால்தான் அது துறைமுகம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், காங்கேசன்துறையில் கப்பல் நின்றுபோன காலத்தில் வளர்ந்தவன். கப்பல் வராத துறைமுகம் எப்படி இருக்கும் என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கப்பல் இங்கே வந்து சேர்ந்த அன்றைக்குக் கரையில் மகனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு நான்கு வயது. இவ்வளவு பெரியது எப்படி மிதக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மீண்டும் வாலசியிலிருந்து

சவுத்தாம்ப்டன் தம்பி, நேற்று இரவு உங்கள் பதிலைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. நான்கு வருடம் அந்த அம்மாவோடு அந்த நாளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒருமுறைகூட “எதைத் தெரியும்?” என்று கேட்கவில்லை.

2024 ஜூன் 3 அன்று புதிய கப்பல் குவீன் ஆனுக்கு லிவர்பூல் ஆற்றங்கரையில் பியர் ஹெட் என்ற இடத்தில் பெயர் சூட்டினார்கள். ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாடகி மெலனி சி உட்பட ஐந்து பெண்கள் ஞானத்தாய்களாக நின்றார்கள். கியூனார்டின் 249ஆவது கப்பல் அது. நானும் போயிருந்தேன். பின்பக்கத்தில் ஹாமில்டன்தான். கூட்டத்தில் ஒரு முதியவர் அதைக் காட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். ஹாலிஃபாக்ஸ் நண்பர் சொல்வதை ஏற்கிறேன், பெட்டியோடு ஏறுவதுதான் திரும்புதல். ஆனாலும் அந்த எழுத்து ஒருநாள் மாறவேண்டும் என்ற ஆசை எனக்குப் போகவில்லை.

இன்று காலை பழைய கைபேசியை மின்னேற்றி, 2015 மே 25 அன்று எடுத்த காணொளியைத் தேடி எடுத்தேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. படம் ஆடுகிறது, பாதி நேரம் யாரோ ஒருவரின் தொப்பிதான் தெரிகிறது. சங்கு ஊதுகிறது. அது ஓய்வதற்குள் பாட்டியின் குரல் கேட்கிறது. நான் நினைவில் வைத்திருந்ததைவிட ஒரு சொல் கூடுதலாக.

“இதை எனக்குத் தெரியும், குவீன்.”

லீட்ஸில் இருக்கும் அவர் மகளுக்கு அந்தக் காணொளியையும், தம்பி எழுதியதை ஆங்கிலத்தில் சொல்லியும் அனுப்பியிருக்கிறேன்.