மித்தோஸ்: தொன்மமா, ஐதிகமா?

குழுவினருக்கு வணக்கம்.

மேல்நிலை வகுப்புப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சமூகம் பொதுவில் நம்பி வழிவழியாகவோ வாய்வழியாகவோ பரப்பும் கதைத்தொகுதியை மூலப்பாடம் ‘மித்தோஸ்’ என்கிறது. அதற்குத் தமிழில் என்ன சொல் இடுவது என்பதே கேள்வி. ‘தொன்மம் என்று போட்டுவிட்டு மேலே போங்கள்’ என்று பலரும் எழுதிவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

தொன்மத்தின் வேர் ‘தொல்’. பழமை இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு உயிரில்லை. தொல்காப்பியர் எண்வகை வனப்பில், அதாவது நூலின் எட்டு அழகுகளில், தொன்மையை உரையொடு சேர்த்துச் சொல்கிறார். கிரேக்க மித்தோஸும் முதலில் ‘பேச்சு, உரை’தான். ரெயூனியன் தீவிலிருந்து எழுதும் ஐயா காட்டிய இந்தப் பொருத்தம் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் 1994ஐ நினைத்துப் பாருங்கள். ஹொலாண்டா சூறாவளிக்குப் பிறகு மொரிசியசு முழுக்கத் ‘தூனி மின்வி’ பேச்சு. நள்ளிரவில் அம்மணமாய்த் திரியும் லூகாரு, அதாவது ஓநாய்மனிதன்! கிரியோல் வீடு, தமிழ் வீடு என்ற வேறுபாடில்லாமல் கதவைத் தாழிட்டு விழித்துக் கிடந்தார்கள். புயலோடு கிளம்பிய நம்பிக்கையில் தொன்மை எங்கே இருக்கிறது?

மணிமேகலை 27ஆம் காதைக்கு வாருங்கள். அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில், அதாவது ஒன்றை அறியும் வழிகளில், ஐதிகமும் ஒன்று. அதற்குத் தரும் எடுத்துக்காட்டு, ‘இந்த மரத்தில் பேய் உண்டு’ என்று உலகம் சொல்ல, நாமும் அப்படியே தெளிவது. முதலில் சொன்னவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. சொல்லோ எல்லோர் வாயிலும் இருக்கும். தூனி மின்விக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைக்குமா?

ஐதிகம் வடசொல்தான். ‘இதி ஹ’, அதாவது ‘இப்படியாம்’ என்பதிலிருந்து வந்தது. இதிகாசமும் அதன் உடன்பிறப்பு. ‘என்று சொல்வர்’ எனப் பொருள்படும் ‘என்ப’ என்னும் நூற்பா வழக்கைக் கொண்டு ‘என்பம்’ என ஆக்கலாம் என்றார் தனித்தமிழ் நண்பர். தொல்காப்பியத்தில் ஊறியவர்களுக்கு அது இனிக்கும். ஆனால் ‘என்பி லதனை வெயில்போலக் காயுமே’ என்ற குறளைப் படித்த ரோஸ்ஹில் ஊர்ப் பிள்ளை ‘என்பம்’ என்றால் எலும்பு என்றே பொருள் எழுதும்.

---

ஐதிகத்துக்குக் குழுவில் ஒருவர் எழுதிய மறுப்பு:

> ஐதிகம் என்றதும் தலபுராணமும் காவடி விரதமும்தான் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வரும். கோயிலுக்கு வெளியே அந்தச் சொல் எடுபடாது. மணிமேகலையை வைத்துப் பொதுவழக்கை மாற்ற முடியாது, அம்மா. ‘ஊர்நம்பிக்கை’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

ஊர்நம்பிக்கை விளங்கும், ஐயா. ஆனால் அதில் கதை இல்லை. மித்தோஸில் கதைதான் பாதி. கோயில் வாடை பற்றிய உங்கள் தடை வலுவானது, அதற்கு என்னிடம் விடையில்லை. பெரும்பாலோர் விருப்பப்படி சொல் அட்டவணையில் தொன்மம் என்றே இடுகிறேன். தூனி மின்வி பத்தியில் மட்டும் ஐதிகம் நிற்கும். அதை எடுக்க நான் இசையமாட்டேன். மறுப்பு இருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.