மறு: பேஸ் அடிக்கேக்க அம்ப் நிக்குது, ‘சுமைத்தொய்வு’ எண்டு வைப்பமா?

வணக்கம் எல்லாருக்கும்,

> வோல்ற்றேஜ் சாக் எண்டதுக்கு ‘அழுத்த வீழ்ச்சி’ போதுமே, புதுசா ஏன்?

போதாது அண்ணை. வீழ்ச்சி எண்டது ஏற்கெனவே புழக்கத்தில இருக்கிற சொல், வயரிலயோ ஒரு தடையிலயோ ஓட்டம் போகேக்க அங்க இழக்கிற வோல்ற்றைத்தான் அப்பிடிச் சொல்லுறம். நான் சொல் தேடுறது வேற ஒண்டுக்கு, சுமை, அதாவது அம்ப் மாதிரிக் கரண்ட் இழுக்கிற சாமான், ஏறேக்க பற்றரியின்ர வோல்ற் தாழ்ந்து சுமை எடுபட்ட உடன திரும்ப எழும்புதே, அதுக்கு.

மாங்குளத்துப் பெடியள் வொலிபோல் மச்சுக்கு எண்டு ஒரு பாட்டுப் பெட்டி செய்தவங்கள், ரிபிஏ3116 எண்ட அம்ப் போர்ட், பழைய லப்டொப் பற்றரியில கழட்டின 18650 எண்ட லிதியம் செல் மூண்டு தொடரா, செல்லைக் காக்க வோல்ற் குறைஞ்சால் வெட்டிற ஒரு பிஎம்எஸ் போர்ட், ஒரு புளூடூத். மெல்லமாப் போட்டால் நல்லாப் பாடும், கூட்டிவிட்டு மேள அடி விழுந்தால் உடன நிண்டுபோகும். மீற்றர் வைச்சால் 11 வோல்ற் காட்டுது, அப்ப பற்றரி நல்லம் எண்டு போர்டை மாத்த வெளிக்கிட்டாங்கள். ஆனா அது பாட்டு ஓடாமல் சும்மா இருக்கேக்க பாத்த வோல்ற்.

ரெண்டு 4 ஓம் ஸ்பீக்கரும் உச்சத்தில சேந்து 5 ஆம்பியருக்கு மேல இழுக்கும். மூண்டு செல்லில ஒண்டு கிழடாகி அகத்தடை, அதாவது செல்லுக்கு உள்ளயே இருக்கிற தடை, கால் ஓமுக்கு வந்திட்டுது எண்டு வையுங்கோ, அதில மட்டும் 1.25 வோல்ற் தொய்யும், 3.7 இல நிண்டது 2.45 க்கு இறங்கும். கன பிஎம்எஸ் 2.5 வோல்ற்றை ஒட்டி வெட்டிறது, அதுவும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாப் பாத்து வெட்டிறது, மற்ற ரெண்டும் நல்லா இருந்தாலும் முழுப் பெட்டியும் நிண்டுபோகும். சில போர்ட் தானா மீளும், சிலதுக்கு சார்ஜர் குத்தவேணும்.

> 4700 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒண்டு போட்டால் சரி

போடுறது நல்லம், ஆனா 5 ஆம்பியருக்கு அது 1 வோல்ற் இறங்க ஒரு மில்லிசெக்கன் கூடத் தாங்காது, 50 ஹேர்ட்ஸ் பேஸின்ர அரை அலையே 10 மில்லிசெக்கன். கிழட்டுச் செல்லைக் கழட்டி எறிஞ்சிட்டு ரெண்டு ரெண்டு செல்லாப் பாரலலாக் கொழுவினால் அகத்தடை பாதியாகும், அதுதான் மருந்து.

இதுக்கு ‘மின்சோர்வு’ எண்டு எழுதின தங்கச்சி, கேக்க வடிவான சொல்தான், ஆனா சோர்ந்தது தானா எழும்பாது. வன்னிக்கு பற்றரி வரத் தடை இருந்த காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு தைனமோவில றேடியோ கேட்டம், சுத்துற கை களைக்கக் குரலும் கம்மும். அங்க தளர்ந்தது கரண்ட் தாற மூலமே, அதைச் சோர்வு எண்டு தாராளமாச் சொல்லலாம். இங்க சுமைதான் இழுத்துத் தாழ்த்துது. ஈர உடுப்புப் போட்ட கொடி தொய்யும், எடுத்தால் நிமிரும், அதாலதான் ‘தொய்வு’ எண்டுறன், முன்னுக்கு ‘சுமை’ போட்டால் காரணமும் சொல்லுக்குள்ளயே வந்திடும்.

சொல் ரெண்டாப் பிரிஞ்சால் பழுது பாக்கிறதும் லேசு. பாட்டு ஓடேக்க பற்றரி முனையில ஒருக்கா, போர்ட் முனையில ஒருக்கா அளவுங்கோ, மீற்றரில ஆகக் குறைஞ்சதைப் பிடிச்சு வைக்கிற வசதி இருந்தால் அதைப் போட்டு. ரெண்டு இடமும் சேந்து இறங்கினால் சுமைத்தொய்வு, செல்லைப் பாருங்கோ. பற்றரி அசையாமல் போர்டில மட்டும் இறங்கினால் அது வீழ்ச்சி, வயர் மெல்லிசு இல்லாட்டி சோல்டர் பிழை. தனிச் செல்லில வாறதுக்கு ‘கலத்தொய்வு’, பிஎம்எஸ் நிப்பாட்டுறதுக்கு ‘காப்புவெட்டு’ எண்டும் வைக்கலாம், மின்வெட்டு எண்டு சொல்லிப் பழகின சனத்துக்கு உடன விளங்கும்.

வீட்டுக் கரண்டுக்கும் இந்தச் சொல் பொருந்தும், அரிசி மில்லில மோட்டர் ஓடத் தொடங்கேக்க பக்கத்து வீட்டு பல்ப் ஒருக்கா மங்கி நிமிருறதும் சுமைத்தொய்வுதான். இதை விடப் பொருத்தமான சொல் ஆரிட்டயும் இருந்தால் போடுங்கோ, ‘வீழ்ச்சி’யை மட்டும் ரெண்டுக்கும் சேத்துப் பாவிக்கவேண்டாம்.