‘உள்ளே வேலை உள்ள வாகனங்கள் மட்டும்’: வரைபடத்தில் எப்படிக் குறிப்பது?

கேள்வி:
இரண்டு பெருஞ்சாலைகளை இணைக்கும் குறுந்தெரு ஒன்றின் இரு முனைகளிலும், உள்ளே வேலை உள்ள மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமே அனுமதி என்று பலகை இருக்கிறது. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அத்தெருவின் பொது அனுமதி ‘இல்லை’ என்று பதிவாகியுள்ளது. குறுக்கே புகுந்து செல்லும் வாகனங்கள் நின்றுவிட்டன. ஆனால் அங்குள்ள வீடுகளுக்குப் பொருள் கொண்டுவருவோரை, செயலி பின்புறச் சாலையில் வாசலே இல்லாத மதிலருகே நிறுத்தி, ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் வழி உண்டா?

பதில் 1:
உண்டு. வழித்தேடு மென்பொருள் முதலில் சேருமிடத்தை, அவ்வாகனம் செல்லத்தக்க மிக அருகிலுள்ள சாலையோடு பொருத்துகிறது. உங்கள் தெரு முழுவதும் மூடப்பட்டதாகப் பதிவாகியிருப்பதால், அது கணக்கிலேயே வராமல், மதிலுக்கு அப்பாலுள்ள சாலை அருகிலுள்ளதாகிவிடுகிறது. ‘இல்லை’ என்பதை நீக்கிவிட்டு, மோட்டார் வாகனத்துக்கு உரிய டேக்கில் (சாலையின் பண்பைச் சொல்லும் குறிப்பில்) ‘டெஸ்டினேஷன்’, அதாவது அங்கேயே சேருமிடம் உள்ளோருக்கு மட்டும், என்ற மதிப்பை இடுங்கள். பலகை சொல்வதும் அதுவே. பொது அனுமதியில் எந்த மதிப்பும் இட வேண்டாம், ஏனெனில் அங்கே இடும் ‘இல்லை’ நடப்பவரையும் சைக்கிளில் செல்பவரையும் சேர்த்தே தடுக்கும். பொது அனுமதி, வாகனம், மோட்டார் வாகனம், கார் அல்லது லாரி என்று படிப்படியாகக் குறுகும் இவ்வரிசையில், குறிப்பானதே பொதுவானதை வெல்லும்.

பதில் 2:
தெருமுனையில் கேட் இருந்தால் அதையும் தனிப் புள்ளியாகக் குறியுங்கள். வல்ஹல்லா என்ற வழித்தேடு மென்பொருள், இயல்பான அமைப்பில், அனுமதி தெளிவாகப் பதிவாகாத கேட்டுக்குப் பயண நேரத்தில் 30 வினாடி சேர்ப்பதோடு, வழிகளை ஒப்பிடும்போது மட்டும் 300 வினாடி அபராதமும் விதிக்கிறது. இது தடையன்று, மாற்றுவழி அதைவிட நீளமானால், வழி கேட்டுக்குள்தான் போகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தெருவின் நடுவே தாழ்வான பாலம் ஒன்றும் இருக்கிறது. அதன் உயர வரம்பைப் பதிந்தால் லாரிகள் தானாகவே விலகிவிடுமா?

பதில் 3:
லாரிக்கான வழித்தேடலில் மட்டுமே விலகும். கார் முறையில் வழி தேடும் லாரி ஓட்டுநருக்குப் பெரும்பாலும் அந்த வரம்பு கணக்கில் வராது. லாரி முறையிலும், ஓட்டுநர் தம் வண்டியின் உயரத்தைத் தராவிட்டால் மென்பொருள் ஓர் அளவைத் தானே எடுத்துக்கொள்ளும். வல்ஹல்லாவில் அது 4.11 மீட்டர். வரம்பு பதிவாகாத பாலத்தை மென்பொருள் தடையற்றதாகவே கொள்வதால், பலகையிலுள்ள எண்ணை நேரில் பார்த்துப் பதிவது மிக முக்கியம். திருத்தம் வரைபடத்தில் உடனே தெரிந்தாலும், செயலி தன் தரவைப் புதுப்பித்த பிறகே வழி மாறும்.