டி.ஏ.ஆர். விண்ணப்பம்: நடுவில் ஒரு தலைமுறைக்கு ஆதாரம் இல்லை, என்ன செய்வது?

பென்சில்வேனியா மருமகள்:
வணக்கம். என் கணவர் பென்சில்வேனியாக்காரர். 19 வயது மகள், அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் சங்கத்தில், அதாவது அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு உதவியவர்களின் வம்சப் பெண்கள் சேரும் டி.ஏ.ஆரில் சேர ஆசைப்படுகிறாள். மாமியார் வழி மூதாதை ஒருவர் சுதந்திரப் போரில் இருந்தவர். சங்கத்தின் இணையத் தேடலிலேயே அவர் பெயர் வருகிறது. சிக்கல் அவருடைய பேத்தியிடம். 1822 வாக்கில் பிறந்தவர், 1850 சென்சஸில் கணவர் வீட்டில் இருக்கிறார். அப்பா யார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இணையத்தில் யாரோ போட்ட வம்சாவளிதான் கையில் இருக்கிறது. டி.என்.ஏ. பரிசோதனை போதாதா? நான் தமிழ்நாட்டுக்காரி என்பது தடையாகுமா?

பழங்காகிதம்:
கடைசிக் கேள்விக்கு முதலில்: தடையே இல்லை. 18 வயதான பெண், ரத்த வழி வாரிசு என்று நிரூபித்தால் சரி. நடுவில் ஆண் வழியா பெண் வழியா என்று பார்க்க மாட்டார்கள். டி.என்.ஏ. மட்டும் போதாது, இணைய வம்சாவளி செல்லவே செல்லாது.

1850க்கு முந்தைய சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். பென்சில்வேனியாவில் மாநில அளவில் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1906இல். அதனால் பிறப்புச் சான்றிதழைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தப் பேத்தியின் அப்பா எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இறந்திருப்பார் என்று ஊகித்து, அங்கே உயில், பாகப்பிரிவினை, நிலப் பத்திரங்களைப் பாருங்கள். "இன்னாரின் மனைவியான என் மகள்" என்று ஒரு வரி கிடைத்தால் போதும்.

பென்சில்வேனியா மருமகள்:
நன்றிங்க. சங்கத்தின் இணையத் தேடலில் மூதாதை பெயருக்குக் கீழே சிவப்பில் ஏதோ எச்சரிக்கை வேறு இருக்கிறது.

பழங்காகிதம்:
பழைய விண்ணப்பத்தில் இருந்த ஆதாரம் இப்போது போதாது, அவருடைய சேவையைப் புதிதாக நிரூபிக்க வேண்டும் என்பார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் ஓய்வூதியக் கோப்பைத் தேடுங்கள். 1836க்குப் பிறகு விதவைகளும் விண்ணப்பித்தார்கள். கல்யாணத்தை நிரூபிக்க, பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதிய குடும்ப பைபிள் பக்கத்தையே கிழித்து அனுப்பிய பாட்டிகள் உண்டு! அப்படி ஒன்று இருந்தால் மூதாதையிலிருந்து அவருடைய பிள்ளை வரை நிரூபணம் ஆகிவிடும். மூதாதை துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1775 ஏப்ரல் 19க்கும் 1783 நவம்பர் 26க்கும் இடையில் படைக்குத் தானியம் கொடுத்திருந்தாலும் சேவைதான்.

வாசகி:
1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அரங்கம் தர மறுத்த சங்கம்தானே இது? அப்போதைய அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டே சங்கத்திலிருந்து விலகினாரே.

பென்சில்வேனியா மருமகள்:
அதேதான். மகளுக்கும் தெரியும். 1977இல் கேரன் பேச்சலர் என்ற கறுப்பினப் பெண் உறுப்பினரானதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். "உள்ளே போய்ப் பேசுகிறேன்" என்கிறாள்.

பென்சில்வேனியா மருமகள், ஆறு வாரம் கழித்து:
அந்தப் பேத்தியுடைய அப்பாவின் உயில் கிடைத்துவிட்டது! மகன்களுக்கு நிலம். மகளுக்கு, கணவர் பெயரோடு சேர்த்து எழுதி, ஒரு படுக்கையும் ஒரு பசுவும். சங்கத்தின் கிளைப் பதிவாளர் நகலை வாங்கிக்கொண்டார், ஓய்வூதியக் கோப்பு இன்னும் வர வேண்டும். அதற்குள் என் பெண் அந்தப் பசுவுக்கு லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டாள்.