ஹாலோ பிளாக் தடுப்புச் சுவர்: குழிகளில் எதை ஊற்றுவது, எங்கே வாங்குவது? (டர்பன், சாட்ஸ்வர்த்)

சாட்ஸ்வர்த் மேட்டுவீடு:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் மண் சரிவைத் தாங்க ஒரு தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறோம். 190 மிமீ ஹாலோ பிளாக், 14 மீட்டர் நீளம், 8 வரி, 1.6 மீட்டர் உயரம். பொறியாளர் வரைபடப்படி ஒரு குழி விட்டு ஒரு குழியில் ஒய்12 கம்பி (12 மிமீ முறுக்குக் கம்பி) நிற்கிறது. ஆனால் எல்லாக் குழிகளையும் நிரப்ப வேண்டும். கட்டி முடித்து 4 நாள் ஆகிறது.

ஓரத்து இரண்டு குழிகளில், பிளாக் கட்டிய அதே சாந்தைக் கொஞ்சம் இளக்கி ஊற்றினோம். மறுநாள் தட்டினால் இரண்டாம், மூன்றாம் வரியில் வெற்றுச் சத்தம். துளை போட்டுப் பார்த்தோம், உள்ளே ஒன்றுமே இல்லை.

ஹார்ட்வேர் கடையில் 25 கிலோ மூட்டையில் 'சுருங்காத கிரவுட்' (இடைவெளியில் ஊற்றி நிரப்பும் சிமெண்ட் கலவை) கொடுக்கிறேன் என்கிறார்கள். அது சரியா? இல்லை ரெடிமிக்ஸ் (கலந்தே லாரியில் வரும் கான்கிரீட்) வரவழைக்கலாமா? எவ்வளவு பிடிக்கும்?

டோங்காட் கொத்துவேலை:
தம்பி, அந்த மூட்டை வேண்டாம். அது இரும்புத் தூணின் அடித்தகடு, மெஷின் பீடம் இவற்றின் அடியில் சன்னமாக ஊற்றுவது. ஒரு மூட்டை சுமார் 12, 13 லிட்டர்தான் வரும். உங்கள் சுவருக்குக் கணக்குப் பாருங்கள்: மீட்டருக்கு 5 குழி, மொத்தம் 70 குழி. 190 பிளாக்கில் ஒரு குழி மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 17, 18 லிட்டர் குடிக்கும். 1.6 மீட்டருக்கு 28 லிட்டர், மொத்தம் 2 கன மீட்டர். மூட்டையாக வாங்கினால் 160 மூட்டை! காசும் போகும், வேலைக்கும் பொருந்தாது.

சாந்து ஏன் தொங்கியது என்றால், பிளாக் தண்ணீரை உறிஞ்சும். கெட்டியான சாந்து கீழே போய்ச் சேருவதற்குள் தண்ணீரை இழந்து, கம்பியிலும், மூட்டிலிருந்து உள்ளே பிதுங்கிய சாந்திலும் ஒட்டிப் பாலம் போட்டுவிடும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் அந்தப் பாலத்தின் மேலேயே நிற்கும். குழிக்குள் போவது கஞ்சி மாதிரி ஓட வேண்டும்.

கலவை இது: 50 கிலோ சிமெண்ட் 2 மூட்டை, மணல் இரண்டரை வீல்பாரோ, 9.5 மிமீ ஜல்லி ஒன்றரை வீல்பாரோ. 65 லிட்டர் பில்டர் வீல்பாரோ, விளிம்பு மட்டம், குவிக்கக் கூடாது. 2 மூட்டைக்குச் சுமார் 230 லிட்டர் கலவை கிடைக்கும். சேதாரம் சேர்த்து 19 மூட்டை சிமெண்ட், 1.6 கன மீட்டர் மணல், 1 கன மீட்டர் ஜல்லி சொல்லி வையுங்கள்.

சிமெண்ட் மூட்டையில் 'செம் டூ 42.5 என்' (CEM II 42.5N) என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'மேசன்ரி சிமெண்ட்' என்று விலை குறைவாக ஒன்று தருவார்கள். அது பூச்சுக்கும் கட்டுச்சாந்துக்கும் மட்டும். கம்பி இருக்கும் குழிக்குள் போகவே கூடாது.

மணல் உம்கேனி ஆற்று மணலாக இருக்கட்டும். நம் பக்கத்துச் சிவப்பு பெரியா மணலில் களி இருக்கும், பூச்சு வேலைக்கு ஓடும், இதற்கு ஆகாது. கடல் மணலும் வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

சாட்ஸ்வர்த் மேட்டுவீடு:
நன்றி அண்ணா. தண்ணீர் எவ்வளவு? கஞ்சி மாதிரி என்றால் பலம் குறையாதா?

பினிக்ஸ் சைட் இன்ஜினியர்:
நல்ல கேள்வி, எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். தரையில் போடும் கான்கிரீட்டில் அதிகத் தண்ணீர் அப்படியே உள்ளே இருந்து பலத்தைக் குறைக்கும். குழிக்குள் ஊற்றும்போது உபரித் தண்ணீரைப் பிளாக்கே இழுத்துக்கொள்ளும். இறுகும் கலவையில் மிஞ்சும் தண்ணீர் நீங்கள் ஊற்றியதை விடக் குறைவு. அதனால்தான் 300 மிமீ ஸ்லம்ப் கூம்பில் (கலவையை நிரப்பிக் கூம்பைத் தூக்கினால் எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பது) 200 முதல் 250 மிமீ வரை சரியும்படி கலக்கிறோம். சாதாரண ஸ்லாப் கான்கிரீட் 75 மிமீ சரிந்தாலே போதும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அளவாகச் சொன்னால் ஒரு மூட்டைக்கு 32 லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. மணல் நனைந்திருந்தால் 25 லிட்டரில் தொடங்கி, பார்த்துக் கூட்டுங்கள். ஜல்லி தனியாகப் பிரிந்து கீழே தங்கினால் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

ரெடிமிக்ஸ் பற்றி: லாரி பொதுவாக 6 கன மீட்டர் சுமக்கும். 2 கன மீட்டருக்குக் குறைலோடு கட்டணம் (லாரி நிறையாததற்குக் கூடுதல் காசு) போடுவார்கள். அதோடு 70 குழியை வாளியால் நிரப்பும் வரை லாரி காத்திருக்காது. பம்ப் இல்லாவிட்டால் வாடகை மிக்ஸர்தான் நல்லது. ரெடிமிக்ஸ்தான் வேண்டுமென்றால் 9.5 மிமீ ஜல்லியும் ஸ்லம்ப் அளவும் ஆர்டரிலேயே சொல்லுங்கள். வாசலில் வந்தபின் டிரைவரிடம் "தண்ணீர் விடு" என்று சொல்லாதீர்கள்.

ஊற்றும் முன் கம்பிக் குழிகளின் அடி வரியில், முன்பக்க ஓட்டில் (குழியை மூடியிருக்கும் பிளாக்கின் வெளிப்பக்கம்) 100 மிமீ அளவு கிரைண்டரால் வெட்டித் திறங்கள். உள்ளே விழுந்து கிடக்கும் சாந்தைத் தோண்டி எடுங்கள். எடுக்காவிட்டால் கம்பி அஸ்திவாரத்தோடு சேரும் இடத்தில், சுவருக்கு அதிக வலு தேவைப்படும் இடத்தில், குப்பைதான் இருக்கும். மூட்டில் பிதுங்கியதை நீளக் கம்பியால் தட்டி விடுங்கள். கம்பி மண் பக்கமாக வரைபடம் காட்டும் இடத்தில் நிற்கிறதா, பிளாக்கிலிருந்து குறைந்தது 12 மிமீ விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு திறப்பைப் பலகை வைத்து முட்டுக் கொடுத்து அடையுங்கள். நீர்க்கசிவுக் குழாய்களையும் ஊற்றுவதற்கு முன்பே செருகிவிடுங்கள்.

ஒரே மூச்சில் 1.6 மீட்டர் ஊற்றாதீர்கள். ஓடும் கலவை அடியில் ஏறக்குறைய 35 கிலோபாஸ்கல் அழுத்தும். அடி வரியில் ஒரு குழியின் ஓட்டின் மேல் கிட்டத்தட்ட 90 கிலோ. சாந்து சரியாக ஒட்டாத இடத்தில் ஓடு பிய்த்துக்கொண்டு வரும். 0.8 மீட்டராக இரண்டு தடவை, இடையில் அரை மணிக்கு மேல் ஒரு மணிக்குள்.

டோங்காட் கொத்துவேலை:
இன்ஜினியர் சொன்னதோடு ஒன்று: வைப்ரேட்டர். கலவைக்குள் விட்டு அதிர வைக்கும் 25 மிமீ ஊசி போதும், ஒரு குழிக்கு 2, 3 நொடி. 5, 10 நிமிடம் கழித்து, பிளாக் தண்ணீரை இழுத்து மட்டம் இறங்கியதும், மறுபடி ஒரு தரம் ஊசி விடுங்கள். இரண்டாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் இடைவெளி விழுவது அதனால்தான். கம்பியைப் பிடித்து ஆட்டுவது வைப்ரேட்டர் ஆகாது, கம்பியைச் சுற்றித் தண்ணீர்க் குழிதான் உண்டாகும்.

சாட்ஸ்வர்த் மேட்டுவீடு:
கெட்டுப்போன அந்த இரண்டு குழிகள்? ஒன்றில் கம்பி இருக்கிறது.

பினிக்ஸ் சைட் இன்ஜினியர்:
விட்டுவிடாதீர்கள், மண் ஈரம் அந்தக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். இரண்டாம், மூன்றாம் வரியின் முன் ஓட்டை வெட்டி எடுத்து, உதிரும் சாந்தை உறுதியான பாகம் வரும்வரை கொத்துங்கள். திறப்பின் மேல் விளிம்பை விட 50 மிமீ உயரமாக வாய் வைத்த பலகைப் பெட்டி அடித்து, அந்த வாய் வழியே ஊற்றி ஊசி விடுங்கள். மறுநாள் துருத்தியதைச் செதுக்கலாம். முடிந்ததும் எல்லாக் குழியையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உங்கள் பொறியாளருக்கும் சொல்லிவிடுங்கள், கையெழுத்து அவருடையது.

பின்பக்கம் மண் நிரப்ப, அவர் வேறு நாள் சொல்லாவிட்டால், 14 நாள் பொறுங்கள்.