ஃப்ளாஷ் அப்டேட்னு வந்தா தொடாதீங்க: குடும்ப குரூப்ல பேசினது

வசந்தி அத்தை: வீட்டு கம்ப்யூட்டர்ல ஏதோ ஒரு பக்கம் திறந்ததும் "உங்க ஃப்ளாஷ் பிளேயர் பழசு, அப்டேட் பண்ணுங்க"ன்னு வருது. பண்ணட்டுமா?

கார்த்தி: வேண்டாம் அத்தை! அந்த டேபை மூடிடுங்க. ஃப்ளாஷ் பிளேயர்னா வெப்சைட்ல வீடியோ, கேம் ஓட்டின பழைய சாஃப்ட்வேர். அதை அடோபி கம்பெனி 2020 டிசம்பர் 31ஓட நிறுத்தியாச்சு. இப்ப அதுக்கு அப்டேட்னு யார் குடுத்தாலும் நம்பாதீங்க, உள்ள வைரஸ் இருக்கலாம்.

சுந்தர் சித்தப்பா: ஃபைல் இறங்கியிருந்தா திறக்காம டெலீட் பண்ணுங்கக்கா. செட்டிங்ஸ்ல ஆப்ஸ் லிஸ்ட்ல ஃப்ளாஷ், அதே மாதிரி பழசாகிப்போன சில்வர்லைட் இருந்தா அன்இன்ஸ்டால் பண்ணிடலாம். ஜாவாவை மட்டும் கேக்காம எடுக்காதீங்க, டிஜிட்டல் சிக்னேச்சர் போடுற சாஃப்ட்வேர் சிலதுக்கு அது வேணும்.

வசந்தி அத்தை: சரி. க்ரோம் பிரவுசர்ல கூடுதல் வசதிக்காகப் போட்டு வெச்சிருக்கற எக்ஸ்டென்ஷனையெல்லாம் எப்படி அப்டேட் பண்றது?

தேன்மொழி: அது தானாவே ஆகும் அத்தை, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை க்ரோமே பாத்துக்கும். உடனே வேணும்னா: மேல வலது ஓரம் மூணு புள்ளி > எக்ஸ்டென்ஷன்ஸ் > மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ். அங்க டெவலப்பர் மோடை ஆன் பண்ணினா "அப்டேட்" பட்டன் வரும். அழுத்திட்டு டெவலப்பர் மோடை ஆஃப் பண்ணிடுங்க.

தேன்மொழி: ஃபயர்ஃபாக்ஸ்னா கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ. பல்சக்கரத்தைத் தட்டினா "செக் ஃபார் அப்டேட்ஸ்" இருக்கும். அதுக்குக் கீழயே ஆட்டோமேட்டிக் அப்டேட்டுக்கு டிக் இருக்கான்னு பாருங்க.

கார்த்தி: க்ரோமையும் பாருங்க. மூணு புள்ளி > ஹெல்ப் > அபவுட் கூகுள் க்ரோம். அப்டேட் இறங்கினாலும் "ரீலாஞ்ச்" குடுத்தாத்தான் வேலைக்கு வரும். லேப்டாப்பை மூடி மூடித் திறந்தா பிரவுசர் பழசாவே ஓடிட்டு இருக்கும். விண்டோஸ் 7, 8.1க்கு க்ரோம் 109தான் கடைசி, அதுக்கு மேல வராது.

வசந்தி அத்தை: ஒரு எக்ஸ்டென்ஷன் தானா ஆஃப் ஆகி "புது அனுமதி வேணும்"னு கேக்குது.

சுந்தர் சித்தப்பா: இதுதான்க்கா ரொம்ப முக்கியம். அப்டேட்ல கூடுதல் அனுமதி கேட்டா, நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் க்ரோம் அதை நிறுத்தி வைக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கற எக்ஸ்டென்ஷன் "எல்லா வெப்சைட்லயும் உங்க டேட்டாவைப் படிக்க, மாத்த"ன்னு திடீர்னு கேட்டா, ரிமூவ் குடுத்துடுங்க.

சுந்தர் சித்தப்பா: பயன்படுத்தாத டேபை நிறுத்தி வைக்கற தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒரு எக்ஸ்டென்ஷன் நல்லாத்தான் இருந்துச்சு. 2020ல வேற ஆள் கைக்குப் போச்சு, 2021 பிப்ரவரில மால்வேர் (கெடுதல் செய்யற சாஃப்ட்வேர்)னு கூகுளே தூக்கிடுச்சு. 2024 கிறிஸ்துமஸ் சமயத்துல சைபர்ஹேவன்ங்கற டேட்டா பாதுகாப்பு கம்பெனியோட எக்ஸ்டென்ஷன்லயும் அப்படித்தான்: அந்த கம்பெனி ஆளோட அக்கவுண்டை ஏமாத்திப் பிடிச்சு, திருட்டு வெர்ஷனை அப்டேட் வழியாவே அனுப்பிட்டாங்க. அதுக்காக அப்டேட்டை நிறுத்தக் கூடாது, அது இன்னும் மோசம். எக்ஸ்டென்ஷனைக் குறைக்கறதுதான் வழி. தினமும் தேவைப்படாததை எடுத்துடுங்க.

வசந்தி அத்தை: விளம்பரத்தைத் தடுக்கற யூபிளாக் ஆரிஜினும் "சப்போர்ட் இல்லை"ன்னு நின்னுபோச்சே, அதுவும் இப்படித்தானா?

கார்த்தி: இல்ல அத்தை, அது நல்ல எக்ஸ்டென்ஷன்தான். மேனிஃபெஸ்ட் வி2ங்கற பழைய வகை எக்ஸ்டென்ஷனை க்ரோம் நிறுத்திடுச்சு, அதனால வந்தது. அதே ஆள் செஞ்ச யூபிளாக் ஆரிஜின் லைட் போட்டுக்கலாம். ஸ்டோர்ல செஞ்சவர் பேர் ரேமண்ட் ஹில்னு இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க, அதே மாதிரி பேர்ல போலி நிறைய. ஃபயர்ஃபாக்ஸ்ல பழையதே ஓடும்.

வசந்தி அத்தை: இன்னொண்ணு, ரிமூவ் பட்டனே வரல. கீழ "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்"னு போட்டிருக்கு.

தேன்மொழி: ஒரு நிறுவனம் நிர்வாகம் பண்ணுதுன்னு அர்த்தம். அது ஆபீஸ் கம்ப்யூட்டர் இல்லையே அத்தை?

வசந்தி அத்தை: இல்லம்மா, வீட்டோடதுதான்.

சுந்தர் சித்தப்பா: சில ஆன்டிவைரஸ் போட்டாலும் அப்படி வரும். ஆனா எக்ஸ்டென்ஷனை எடுக்கவே முடியலைன்னா சந்தேகம்தான். அட்ரஸ் பார்ல க்ரோம், ஒரு கோலன், ரெண்டு ஸ்லாஷ், பாலிசின்னு ஆங்கிலத்துல சேத்து அடிச்சு, "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்" (கட்டாயமாப் போட்ட எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்)னு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா போட்டோ எடுத்து இங்க போடுங்க. சரி பண்ற வரைக்கும் அந்த கம்ப்யூட்டர்ல பேங்க் லாகின் வேண்டாம்க்கா.