ஊர்ப் பெரியவர்களைப் பற்றிப் பழைய பத்திரிகைகளில் தேடுவது எப்படி?

உப்புக்காற்று (கீழக்கரை):
நூலகச் சுவரில் மாட்ட நம் கரையோரப் பிரமுகர்களைப் பற்றிய குறிப்புப் பலகை தயாராகிறது. சீதக்காதி, ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி, அப்துல் கலாம், பி.எஸ். அப்துர் ரகுமான் பட்டியலில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பத்திரிகைச் செய்தியாவது வேண்டும். தனுஷ்கோடிப் புயலும் வேண்டும். சென்னையில் தினசரிக் கட்டுகளைப் புரட்டியும் நம் பக்கத்துச் செய்தி அகப்படவில்லை. எப்படிக் கேட்க வேண்டும்?

பாம்பன்கால்வாய்:
பதிப்புதான் கோளாறு, காக்கா (அண்ணே). நமக்கு வருவது மதுரைப் பதிப்பு. மாவட்டப் பக்கம் அதில் மட்டும்தான் இருக்கும், சென்னைப் பதிப்பில் அந்த இடத்தில் செங்கல்பட்டுச் செய்தி இருக்கும். நூலகத்தில் கேட்கும் சீட்டில் பத்திரிகை பெயர், தேதியோடு ‘மதுரைப் பதிப்பு’ என்றும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது ஊர்ப்பெயர். ராமநாதபுரம் ஜில்லா பிறந்ததே 1910இல்; அதற்கு முந்தைய செய்தி மதுரை, திருநெல்வேலித் தலைப்புகளில் கிடக்கும். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரியும்வரை சிவகங்கை, விருதுநகர்ச் செய்திகளும் ‘ராமநாதபுரம்’ என்றே வரும். அவற்றைக் கழித்துப் பாருங்கள்.

சீதக்காதிக்குப் பத்திரிகை தேடவே வேண்டாம். அவர் 17ஆம் நூற்றாண்டுக்காரர். ‘நொண்டி நாடகம்’, ‘திருமண வாழ்த்து’ போன்ற பாடல்கள்தான் ஆதாரம். செத்தும் கொடுத்தவர், செய்தித்தாளில் மட்டும் கிடைக்கமாட்டார்!

முகவைக்காரி:
சேதுபதிக்கு 1897 ஜனவரி 26ஐப் பிடியுங்கள். அன்றுதான் விவேகானந்தர் பாம்பனில் இறங்கினார், வரவேற்றவர் இவர். தமிழ்ப் பத்திரிகை சுதேசமித்திரன் தினசரியானது 1899இல்தான். அந்தத் தேதியிட்ட இதழைக் கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வரலாம். அடுத்து வந்த இரண்டு மூன்று வாரத்து இதழ்களைக் கேளுங்கள். ஆங்கிலப் பத்திரிகை ‘இந்து’ 1889 முதலே தினசரி. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சுதேசிப் பத்திரிகைகளின் சாரத்தை அரசாங்கம் ஆங்கிலத்தில் தொகுத்த வார அறிக்கைகள் உண்டு. மூல இதழ் செல்லரித்துப் போயிருந்தாலும் சாரம் மிஞ்சும்.

தமிழ் வருஷத்தை மட்டும் நம்பாதீர்கள், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். கலாம் பிறந்த பிரசோற்பத்தி 1931. 1871உம் பிரசோற்பத்திதான், 1991உம் பிரசோற்பத்திதான். பக்கத்திலேயே ஆங்கிலத் தேதி இருக்கிறதா பாருங்கள்.

கணினியில் தேடினால் இன்னொரு வில்லங்கம்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை, றா வடிவங்களை மென்பொருள் தப்பாகப் படிக்கும். அந்த எழுத்து இல்லாத சொல்லாகப் போட்டுத் தேடுங்கள். ‘சென்னை’ சிக்காவிட்டால் ‘மதராஸ்’.

கொடிமரம்:
புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவு. 23 காலை இதழ் அதற்குள் அச்சேறியிருக்கும். 24 முதல் ஒரு வாரம் எடுங்கள். தந்தி, ரயில் இரண்டும் அறுந்ததால் விவரம் தவணை தவணையாகத்தான் வந்தது. முதல் நாள் எண்ணிக்கையைப் பலகையில் ஏற்றாதீர்கள்.

கலாமுக்கு உள்ளூர்க் குறிப்பு ஒன்று: யுத்தக் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் வண்டியிலிருந்து எறிந்த பத்திரிகைக் கட்டைப் பொறுக்கி விநியோகிக்க உதவிய சிறுவன் அவர்.

படம் எடுக்கும்போது செய்தியை மட்டும் எடுத்தால் பின்னால் உதவாது. முதலில் முகப்பு, மலர்–இதழ் எண், தேதி; பிறகு முழுப் பக்கம்; கடைசியில் செய்தி. பிளாஷ் வேண்டாம். இதழ்க் கட்டை நகல் இயந்திரத்தில் கவிழ்த்தால் அதன் தையல் முதுகு விட்டுவிடும், அனுமதியும் தரமாட்டார்கள்.